மணத்தைக் கைவிடாத தோட்டக்காரர்

இங்கிலாந்தில் உள்ள என் வீட்டுத் தோட்டத்துக்காக ஒவ்வோர் அக்டோபரிலும் ஸ்வீட் பீ விதைகளை ஆழமான தொட்டிகளில் ஊன்றுகிறேன். பட்டாணிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் கொடி உண்பதற்கன்று. அதன் விதை நஞ்சு. கொய்து குவளையில் வைத்தால் அறை முழுவதும் மணக்கும் மலருக்காகவே அதை வளர்க்கிறார்கள். விதை ஊன்றும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் ஹென்றி எக்ஃபோர்ட்.

1823இல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், இளமையிலேயே பெருநிலக்கிழார்களின் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார். டாலியா, வெர்பினா மலர்களில் புதிய வகைகளை உருவாக்கிப் பெயர் பெற்றார். ஸ்வீட் பீ மீது அவர் கவனம் திரும்பியது 1870 வாக்கில்; அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

சிசிலித் தீவின் துறவி ஃபிரான்செஸ்கோ குபானி 1699இல் இங்கிலாந்துக்கு விதை அனுப்பியதிலிருந்து ஏறத்தாழ 170 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும் பூ சிறியதாகவே இருந்தது, நிறங்களும் சிலவே. காரணம் எளிது. இந்த மலர் விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடுகிறது. கலப்பினம் வேண்டுமெனில் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை அகற்றி, வேறொரு பூவின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பிறகு, கிடைத்த விதைகளைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து, விரும்பிய குணம் நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும். மெண்டலின் மரபு விதிகளை 1900வரை உலகம் பொருட்படுத்தவில்லை. எக்ஃபோர்டுக்குத் துணையாக இருந்தவை கண்ணும் பொறுமையும் மட்டுமே.

1888இல் ஷ்ராப்ஷயரின் வெம் என்னும் சிற்றூரில் சொந்தமாக விதைத் தோட்டம் அமைத்தார். 1900இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் இம்மலருக்கு இருநூற்றாண்டு விழாக் கண்காட்சி நடந்தபோது, வைக்கப்பட்ட 264 வகைகளில் 115 அவர் உருவாக்கியவை. பூ பெரிதானது, நிறங்கள் பெருகின, மணமோ குறையவில்லை. இதையே அவருடைய சாதனைகளில் முதன்மையானதாகக் கருதுகிறேன்.

அதே காலத்தில் அலைபோல் சுருண்ட இதழ்களைக் கொண்ட ஸ்பென்சர் வகை தோன்றியது. அளவிலும் அழகிலும் அது எல்லோரையும் கவர்ந்தது. அவ்வகையில் பலவற்றுக்கு மணம் குறைவு என்பதைக் கண்காட்சி மேடைகள் பெரிதாக எண்ணவில்லை. மேடையில் பரிசு பெறுவது கண்ணுக்குத் தெரிவதுதானே. 1905இல் எக்ஃபோர்டுக்கு விக்டோரியா கௌரவப் பதக்கம் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, 82ஆம் வயதில் மறைந்தார்.

கண்ணை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தால் எதை இழக்கிறோம் என்பது பல காலம் கழித்தே தெரியவருகிறது. தக்காளியிலும் ரோஜாவிலும் நாம் கண்டது இதைத்தான். நல்வாய்ப்பாக, எக்ஃபோர்டின் பழைய வகைகள் சில இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. வெம் ஊரில் ஸ்வீட் பீ மலர்க் காட்சிகளும் நடந்துள்ளன.

ஸ்வீட் பீ கொடியில் காய் முற்றினால் பூப்பது நின்றுவிடும்; ஆகவே கோடையில் நாள்தோறும் கொய்கிறேன். என் மேசைக் குவளையில் இருப்பவை அளவில் சிறிய, பழைய வகைப் பூக்களே. கதவைத் திறந்ததும், அவற்றைக் காணும் முன்பே மணம் வந்து சேர்ந்துவிடுகிறது.