புகையை ஒழிக்க முயன்ற ஆலை முதலாளி

இலாபம் நமக்கு, நஷ்டம் ஊருக்கு என்று கணக்கெழுதும் வியாபாரிகள் எக்காலத்திலும் உண்டு. அக்கணக்கைத் திருத்தி எழுத முயன்ற ஒருவரின் வாழ்வை நம் வணிகப் பெருமக்கள் முன் வைக்கிறோம். அவர் இங்கிலாந்தின் கம்பளி ஆலை முதலாளி ஸர் டைட்டஸ் ஸால்ட்.

1803-ம் ஆண்டு மோர்லி என்னும் ஊரில் பிறந்த ஸால்ட், பிராட்போர்டு நகரில் தகப்பனாருடன் கம்பளி வியாபாரம் செய்தார். 1836-ல் லிவர்பூல் துறைமுகக் கிட்டங்கியில் வாங்குவாரின்றிக் கிடந்த அல்பாக்கா ரோம மூட்டைகள் அவர் கண்ணில் பட்டன. பிறர் ஒதுக்கிய அச்சரக்கைத் துணிந்து வாங்கினார். பக்குவமாக நூற்று, பளபளப்பான துணி நெய்து பெரும் பொருள் ஈட்டினார்.

அந்நாளில் பிராட்போர்டின் ஆலைகள் கரும்புகை கக்கின. கழிவெல்லாம் ஓடையில் கலந்தது. 1849-ல் காலரா பரவிப் பலர் மாண்டனர். அச்சமயம் நகர மேயராயிருந்த ஸால்ட், புகையைக் குறைக்கும் கருவியைத் தம் ஆலைகளில் பொருத்தினார். மற்ற முதலாளிகளும் பொருத்த வேண்டுமென முயன்றார்; அவர்கள் இணங்கவில்லை.

ஸால்ட் அத்துடன் சோர்ந்துவிடவில்லை. நகருக்கு வெளியே அயர் ஆற்றங்கரையில் புதிய ஆலை எழுப்பி, 1853-ல் திறந்தார். அதன் பெரும் புகைக்கூண்டிலும் அக்கருவி இருந்தது. அருகே தொழிலாளருக்காக ஸால்டேர் என்னும் ஊர் எழுந்தது. 800-க்கு மேற்பட்ட கல் வீடுகள், குழாய்த் தண்ணீர், குளியலறைகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, முதியோர் இல்லங்கள், 1871-ல் பூங்கா என ஒவ்வொன்றாய் அமைந்தன. மதுக்கடைக்கு மட்டும் அங்கே இடமில்லை.

குறையையும் மறைக்கலாகாது. அக்காலச் சட்டம் அனுமதித்தபடி சிறுவர்கள் பாதி நாள் பள்ளியிலும் பாதி நாள் அவ்வாலையிலும் கழித்தனர். வீடும் முதலாளியுடையது, வேலையும் முதலாளியுடையது. ஆகவே தொழிலாளிக்கு எதிர்த்துப் பேசும் சுதந்திரம் குறைவு.

1876-ல் ஸால்ட் மறைந்தபோது, வழியெங்கும் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் திரண்டு நின்றனர். சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதியை அவர் தர்மத்துக்கே செலவிட்டிருந்தார். 1890-களில் ஆலை குடும்பத்தார் கையை விட்டுப் போயிற்று. 1986-ல் ஓட்டமும் நின்றது. ஊரோ நிலைத்தது. 2001-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அவ்வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர்.

நமக்கு ஆலை இல்லை, கடை உண்டு. கடைப் பிள்ளைகள் படுத்துறங்கும் அறையில் காற்று வருகிறதா? நம் கழிவு எந்தக் கால்வாயில் விழுகிறது? ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது இவ்விரண்டையும் பேரேட்டில் சேர்த்துப் பார்ப்போமாக.