24 விநாடி கடிகாரம் தந்த டானி பியாசோன்

கூடைப்பந்து ஆட்டத்தைச் சாகாமல் காப்பாற்றியது ஒரு கடிகாரம். அதை ஆட்டத்துக்குள் கொண்டு வந்தவர் டானி பியாசோன்.

இவர் 1909-ம் ஆண்டு இத்தாலியில் பிறந்தார். சிறுவனாக இருக்கும்போதே அமெரிக்கா போய், சிராகூஸ் நகரில் வளர்ந்தார். கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டுக் கூடம் ஒன்றை நடத்தினார். 1946-ல் சொந்தமாக ஒரு கூடைப்பந்து கோஷ்டியை ஏற்படுத்தினார்.

தூங்கிய ஆட்டம்

அந்தக் காலத்தில் முன்னணியில் இருக்கும் கோஷ்டி, பந்தைக் கூடையில் போட முயலாது. கைமாற்றிக் கைமாற்றி நேரத்தைக் கடத்தும்.

1950 நவம்பர் 22-ந் தேதி, போர்ட் வெய்ன் கோஷ்டி மினியாபோலிஸ் கோஷ்டியுடன் மோதியது. மினியாபோலிசில் ஜார்ஜ் மைக்கன் என்ற நெட்டை வீரர் இருந்தார். வேகமாக ஆடினால் அவரை வெல்ல முடியாது. ஆகவே போர்ட் வெய்ன் வீரர்கள் பந்தை விடாமல் வைத்துக்கொண்டார்கள். தந்திரம் பலித்தது. 19-க்கு 18 என்று ஜெயித்தார்கள். ஆனால் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். இப்படியே போனால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

எளிய கணக்கு

பியாசோனும் அவருடைய மானேஜர் லியோ பெரிசும் கணக்குப் போட்டார்கள். விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு கோஷ்டியும் சேர்ந்து சுமார் 120 தடவை பந்தை எறிகின்றன. ஆட்ட நேரம் 48 நிமிடம். அதாவது 2,880 விநாடி. அதை 120-ஆல் வகுத்தால் 24!

பந்து கிடைத்த 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். தவறினால் பந்து எதிரிக்குப் போய்விடும். இந்த விதி 1954-ல் அமுலுக்கு வந்தது. ஒரு கோஷ்டி சராசரியாக எடுத்த புள்ளிகள் 79-லிருந்து 93-ஆக உயர்ந்தன.

கைமேல் பலன்

1955 ஏப்ரல் 10. சாம்பியன் யார் என்று முடிவாகும் கடைசி ஆட்டம். பியாசோனின் கோஷ்டியை எதிர்த்தது அதே போர்ட் வெய்ன்தான்! சிராகூஸ் 17 புள்ளி பின்தங்கிவிட்டது. பழைய விதி இருந்திருந்தால் போர்ட் வெய்ன் பந்தை அணைத்துக்கொண்டே பொழுதை ஓட்டியிருக்கும். இப்போது கடிகாரம் விடவில்லை, எறிந்தே தீரவேண்டும். சிராகூஸ் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்தது. 92-க்கு 91 என்று வென்றது.

1963-ல் பியாசோன் கோஷ்டியை விற்றுவிட்டார். அது பிலடெல்பியா நகருக்குப் போயிற்று. 1992-ல், தமது 83-வது வயதில் அவர் காலமானார்.

கோஷ்டி ஊரைவிட்டுப் போய்விட்டது. ஆனால் அவருடைய 24 விநாடி இன்றும் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்தங்கியவனுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு என்று அது ஒவ்வொரு ஆட்டத்திலும் சொல்கிறது.