ஓவர்டைம் சம்பளத்தை சட்டமாக்கிய பெண்! யார் இந்த ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ்?

வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை. அதுக்கு மேல பார்த்தா ஒன்றரை மடங்கு சம்பளம். அமெரிக்காவில் இன்று பெரும்பாலான தொழிலாளர்களுக்குக் கிடைக்கும் இந்த உரிமைக்குப் பின்னால் இருப்பவர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ்.

வாழ்க்கையை மாற்றிய தீ விபத்து

1880-ல் பாஸ்டனில் பிறந்தவர். 1911 மார்ச் 25, நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்ததால் வெளியேற முடியாமல் பலர் மாடியிலிருந்து குதித்தனர். 146 பேர் பலி. பெரும்பாலும் இளம்பெண்கள். அருகில் இருந்த பெர்கின்ஸ் அதை நேரில் பார்த்தார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியாகக் குறைக்கும் சட்டம் வரப் போராடி ஜெயித்தார்.

நிபந்தனை போட்ட அமைச்சர்

1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் துறை அமைச்சராக அழைத்தார். உடனே தலையாட்டவில்லை. குறைந்தபட்ச ஊதியம், வேலை நேர வரம்பு உள்ளிட்ட திட்டங்களுக்கு சம்மதித்தால்தான் வருவேன் என்றார். ரூஸ்வெல்ட் ஒப்புக்கொள்ள, அமெரிக்காவின் முதல் பெண் கேபினட் அமைச்சர் ஆனார். 12 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

1938-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு ஜூன் 25-ல் நியாயமான தொழிலாளர் தரநிலைகள் சட்டம் கையெழுத்தானது.

* குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 25 சென்ட்
* வார வேலை நேரம் முதலில் 44 மணி, 1940-ல் 40 மணி
* அதைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு சம்பளம்

ஆனா, விவசாயத் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் அப்போது இதில் சேர்க்கப்படவில்லை.

வேலையை விட்டா கடைசி சம்பளம்?

இதுக்கு அந்தச் சட்டத்தில் கெடு இல்லை. பாக்கி லீவுக்குப் பணம் தரணும்னும் அது சொல்லவில்லை. அதெல்லாம் மாநிலங்கள் கையில்.

கலிபோர்னியாவில் வேலையை விட்டுத் தூக்கினால் அன்றே முழு சம்பளம் தர வேண்டும். சொல்லாமல் ராஜினாமா செய்தால் 72 மணி நேரத்துக்குள். எடுக்காத விடுமுறையும் அங்கே சம்பளக் கணக்குதான். டெக்சாஸில் வேலையை விட்டுத் தூக்கினால் 6 நாட்களுக்குள் தரலாம். தானாக விலகினால் அடுத்த சம்பளத் தேதி வரை காத்திருக்கணும். லீவு பணம் நிறுவனத்தின் விதியில் எழுதியிருந்தால் மட்டுமே.

1965 மே 14-ல் பெர்கின்ஸ் காலமானார். வாஷிங்டனில் உள்ள தொழிலாளர் துறையின் தலைமைக் கட்டடம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஓவர்டைமுக்கு நாடு முழுக்க ஒரு அடிப்படை விதி கிடைத்தது. கடைசி சம்பளத்துக்கு மட்டும், எந்த மாநிலத்தில் வேலை பார்க்கிறோம் என்பதுதான் இன்னும் விதி.