கூட நின்ற டாக்டரம்மா



இந்த மாதம் நான் எழுதுவது வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி. நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து ஜனங்களும் பெரிய வியாதி என்றால் வேலூருக்கு ரயிலேறிப் போறாங்க. அந்த ஆஸ்பத்திரியை ஒரு பெண்தான் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார்.

ஐடா 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா அமெரிக்க டாக்டர். ஐடா அமெரிக்காவில் படித்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தார். ஒருநாள் ராத்திரி மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள். ஐடா டாக்டர் இல்லை. அப்பாவை அனுப்புகிறேன் என்றதற்கு, ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களுமே இறந்திருந்தார்கள். அதன்பிறகுதான் ஐடா டாக்டருக்குப் படிக்க முடிவு செய்தார். 1899-இல் நியூயார்க்கில் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூர் வந்தார்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி உண்டு. சில ஆஸ்பத்திரியில் வந்த நர்ஸ் அக்கா ஆறே மாசத்தில் போயிடறாங்க. சில இடத்தில் வருஷக்கணக்கா இருக்காங்க. ஏன் இப்படி? பழகின நர்ஸம்மா மாறிப்போனா மாசமா இருக்கிற அக்காக்கள்தான் கஷ்டப்படறாங்க. யாருக்கு ரத்தசோகை, யாருக்குப் போன பிரசவம் சிக்கலாச்சுன்னு புதுசா வர்றவங்களுக்கு உடனே எப்படித் தெரியும்?

ஐடா அம்மையார் செய்ததைப் பார்த்தால் இதற்குப் பாதி பதில் கிடைக்கிறது.

முதலாவது, அவர் ஆட்களை வெளியிலிருந்தே எதிர்பார்க்கவில்லை, இங்கேயே உருவாக்கினார். ஆரம்பத்தில் உதவிக்கு நர்ஸ் கிடையாது. சலோமி என்கிற பெண்ணுக்கே வேலை கற்றுக்கொடுத்தார். 1902-இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி கட்டினார். 1909-இல் நர்சிங் பள்ளி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்.

இரண்டாவது, சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். நர்ஸ்களையும் மாணவிகளையும் கூடவே கூட்டிப்போய், புண்ணைக் கழுவிக் கட்டும் வேலையைத் தானும் செய்தார். நம்ம ஊர் நடவை நினைத்துப் பாருங்கள். ஆள் கூட்டி வர்ற பெரியம்மா சேற்றில் இறங்கித் தானும் நாற்று நட்டா கூட்டம் கலையாது. வரப்பில் நின்னு அதட்டினா அடுத்த நாள் பாதிப் பேர் வேற வயலுக்குப் போயிடுவாங்க.

மூன்றாவது, மற்றவர்கள் மேலே வர இடம் விட்டார். அங்கே படித்த கமலா வைத்திலிங்கம் பின்னாளில் அங்கேயே இதயநோய்ப் பிரிவை வளர்த்தார். 1948-இல் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் டாக்டர் அந்த நிறுவனத்துக்கே இயக்குநர் ஆனார். படித்தால் நாமும் ஒருநாள் மேலே வரலாம் என்று தெரிந்தால் யார்தான் சீக்கிரம் விட்டுப் போவார்கள்?

நல்ல தலைவர் இருந்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் சரியாக வரணும். ராத்திரி டூட்டிக்குப் பாதுகாப்பு வேணும், தங்க வீடு வேணும். பத்து பேர் வேலையை நாலு பேர் தலையில் கட்டக்கூடாது. ஆனால் இதையெல்லாம் அவங்களுக்காக மேலே போய்க் கேட்டு வாங்கித்தருவதும் தலைவர் வேலைதானே! 1930களின் கடைசியில் டாக்டர் ஆக எம்.பி.பி.எஸ். பட்டம் வேண்டும் என்று அரசு சொன்னதும் வேலூர்ப் பள்ளிக்கே ஆபத்து வந்தது. அப்போது ஐடாவுக்கு வயது எழுபதை நெருங்கிவிட்டது. அந்த வயதிலும் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு ஆரம்பமானது.

ஐடா அம்மையார் 1960-இல் கொடைக்கானலில் 89-ஆம் வயதில் காலமானார். அவர் போன பிறகும் ஆஸ்பத்திரி நிற்கவில்லை. பார்த்துக்கொள்ள அவர் உருவாக்கிய ஆட்கள் இருந்தார்கள்.

தோழிகளே, நம்மில் சிலர் நாளைக்கு நர்ஸாகவோ டாக்டராகவோ ஆகலாம். ஒருநாள் நமக்குக் கீழேயும் நாலு பேர் வேலை செய்வாங்க. அன்றைக்கு நாம வரப்பில் நிக்காம சேற்றில் இறங்கணும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி