வேலையைச் சுலபமாக்கிய அம்மா!

குப்பைத்தொட்டியின் கீழே உள்ள மிதியைக் காலால் அழுத்தினால், மூடி சட்டென்று திறந்து கொள்ளும். கையில் அழுக்கு படாமல் குப்பையைப் போட்டுவிடலாம். ஆஸ்பத்திரிகளில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரிட்ஜ் கதவைத் திறந்தால், அதன் உள்பக்கத்தில் முட்டை, வெண்ணெய் எல்லாம் வைக்கச் சின்னச் சின்னத் தட்டுகள் இருக்கின்றன அல்லவா? உள்ளே கையை விட்டுத் துழாவாமல் வேண்டியதை எடுத்துக் கொள்ளலாம்.

இந்த இரண்டுமே ஓர் அம்மாவின் யோசனைகள் என்று சொல்கிறார்கள். அவர் 12 குழந்தைகளுக்குத் தாய். அதோடு, உலகப் புகழ் பெற்ற இன்ஜினியர். அவர் பெயர் லில்லியன் கில்பிரெத்.

பாலம் கட்டுபவர் சிவில் இன்ஜினியர். இயந்திரங்களை வடிவமைப்பவர் மெக்கானிக்கல் இன்ஜினியர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் என்ன செய்வார்? மனிதர்கள் செய்யும் வேலையை உற்றுப் பார்ப்பார். எங்கே நேரம் வீணாகிறது, எங்கே உடம்பு நோகிறது என்று கண்டுபிடிப்பார். பிறகு அந்த வேலையைச் சுலபமாக மாற்றி அமைப்பார். தொழிலகப் பொறியியல் என்ற பெயரில் இன்று இது ஒரு கல்லூரிப் பட்டப்படிப்பு. அந்தப் படிப்புக்கு அடித்தளம் போட்டவர்களில் லில்லியனும் ஒருவர்.

கூச்சப்பட்ட சிறுமி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஓக்லாந்து நகரில், 1878-ம் ஆண்டு மே 24-ம் தேதி லில்லியன் பிறந்தார். வசதியான குடும்பம். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். லில்லியன்தான் மூத்தவர்.

சிறு வயதில் அவருக்குக் கூச்சம் மிக அதிகம். அதனால் ஒன்பது வயது வரை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே பாடம் படித்தார்.

பெண்கள் கல்லூரிக்குப் போவது அந்தக் காலத்தில் அபூர்வம். லில்லியனின் அப்பாவும் தயங்கினார். ஒரே ஒரு வருடம் மட்டும் படித்துப் பார்ப்பதாகக் கேட்டு, எப்படியோ அனுமதி வாங்கினார் லில்லியன். வீட்டிலிருந்தே டிராம் வண்டியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தார். நன்றாகப் படித்ததால் அந்த ஒரு வருடம் முழுப் படிப்பாக நீண்டது. 1900-ம் ஆண்டு பட்டம் வாங்கினார். அந்தப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பில் பேசும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழக விழாவில் அப்படிப் பேசிய முதல் பெண் அவர்தான். யாரைப் பார்த்தாலும் கூச்சப்பட்ட அதே சிறுமி!

அவர் படித்தது என்ன தெரியுமா? ஆங்கில இலக்கியம்! 1902-ல் அதிலேயே முதுகலைப் பட்டமும் பெற்றார். அப்படிப்பட்டவர் எப்படி இன்ஜினியர் ஆனார்? அதற்குக் காரணம் ஒரு கொத்தனார்.

செங்கல் எடுக்க இத்தனை அசைவா?

பிராங்க் கில்பிரெத் என்பது அந்தக் கொத்தனாரின் பெயர். 1885-ல், தன் 17-வது வயதில், கட்டட வேலை பழகச் சேர்ந்தார். அங்கே ஒரு விஷயம் அவருக்குப் புதிராக இருந்தது. ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் வைத்தார்கள். ஒரே ஆள்கூட, அவசரமாக வேலை செய்யும்போது ஒரு மாதிரியும், மற்றவருக்குக் கற்றுத் தரும்போது வேறு மாதிரியும் கையை அசைத்தார். இதில் எதுதான் சிறந்த வழி?

பிராங்க் கவனித்து எண்ணத் தொடங்கினார். ஒரு செங்கல்லை வைக்க 18 அசைவுகள் ஆயின. செங்கற்கள் எல்லாம் தரையில் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு செங்கல்லுக்கும் கொத்தனார் தன் உடம்பு முழுவதையும் வளைத்துக் குனிந்து நிமிர வேண்டும். எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கரண்டியால் தட்டி உட்கார வைக்க வேண்டும்.

பிராங்க் என்ன செய்தார்? சுவர் உயர உயர ஏற்றிக் கொள்ளக்கூடிய சாரம் ஒன்றை உருவாக்கினார். செங்கலும் கலவையும் கொத்தனாரின் இடுப்பு உயரத்திலேயே இருக்கும்படி பலகை வைத்தார். நல்ல பக்கம் தெரியும்படி சித்தாள்களே கற்களை அடுக்கித் தரும்படி செய்தார். கலவையைச் சரியான பதத்தில் குழைத்ததால், தட்ட வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. கையால் அழுத்தினாலே போதும். 18 அசைவுகள் சுமார் 5 ஆகக் குறைந்தன! ஒரு மணி நேரத்துக்கு 120 செங்கல் வைத்தவர்கள் 350 செங்கல் வைத்தார்கள். அதுவும் முதுகு வலி இல்லாமல்!

1903-ல் லில்லியன் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகும் வழியில் பாஸ்டன் நகரில் தங்கினார். அப்போது பிராங்க் அங்கே பெரிய கட்டட கான்ட்ராக்டர். இருவரும் சந்தித்தார்கள். 1904 அக்டோபரில் திருமணம் நடந்தது. அதன் பிறகு இருவரும் சேர்ந்தே ஆராய்ச்சி செய்தார்கள். பிராங்க் அசைவுகளைப் பார்த்தார். லில்லியன் அந்த அசைவுகளுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பார்த்தார். களைப்பு, சலிப்பு, விருப்பம் இவையெல்லாம் வேலையை எப்படி மாற்றுகின்றன என்பதே அவருடைய கேள்வி. அதற்காக மனோதத்துவம் படிக்கத் தொடங்கினார்.

விரலில் விளக்கு!

கை வேகமாக அசையும்போது கண்ணால் பின்தொடர முடியாது அல்லவா? எனவே கில்பிரெத் தம்பதி, வேலை செய்பவர்களைச் சினிமா காமிராவால் படம் எடுத்தார்கள். பக்கத்தில் நுட்பமான கடிகாரம் ஒன்றை வைத்தார்கள். படச்சுருளை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், எந்த அசைவுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்துவிடும். இன்னொரு தந்திரமும் செய்தார்கள். வேலை செய்பவரின் விரலில் சின்னஞ்சிறு விளக்கைக் கட்டினார்கள். காமிராவை மூடாமல் திறந்தே வைத்துப் படம் எடுத்தார்கள். கை போன பாதை முழுவதும் ஒளிக்கோடாகப் படத்தில் பதிந்தது. கோடு சிக்கலாக இருந்தால், வேலையும் சிக்கலாக இருக்கிறது என்று அர்த்தம்.

தேடுவது, பிடிப்பது, தூக்கிச் செல்வது, பொருத்துவது, விடுவது என்று கையால் செய்யும் எந்த வேலையையும் ஒருசில அடிப்படை அசைவுகளாகப் பிரித்துவிடலாம் என்று கண்டார்கள். இந்த அடிப்படை அசைவுக்கு அவர்கள் வைத்த பெயர் தெர்ப்ளிக். விநோதமாக இருக்கிறதா? கில்பிரெத் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதி, கடைசியிலிருந்து படித்தால் கிட்டத்தட்ட இந்தப் பெயர் வரும்! தொழிலகப் பொறியியல் மாணவர்கள் வேலை ஆய்வுப் பாடத்தில் இன்றும் தெர்ப்ளிக் பற்றிப் படிக்கிறார்கள். வலது கை என்ன செய்கிறது, இடது கை என்ன செய்கிறது என்று இரண்டு பத்திகளில் எழுதி, வீண் அசைவுகளைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் கையை நீட்டியதும், நர்ஸ் கருவியை எடுத்துக் கையில் கொடுப்பதை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் டாக்டரே கருவியைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. இந்த மாற்றத்துக்கு வழிகாட்டியவர்களும் கில்பிரெத் தம்பதிதான். முதல் உலகப் போரில் கை, கால் இழந்த வீரர்கள் மறுபடி வேலை செய்வதற்கும் அவர்கள் வழிகளைக் கண்டுபிடித்தார்கள்.

பெயரை மறைத்த புத்தகம்

லில்லியன் டாக்டர் பட்டத்துக்காக ஒரு பெரிய ஆய்வு எழுதினார். வேலைத்தலத்தில் மனித மனம் எப்படி இயங்குகிறது என்பதுதான் தலைப்பு. ஆனால், கடைசி ஒரு வருடம் அங்கேயே தங்கிப் படிக்கவில்லை என்ற விதியைக் காட்டி, கலிபோர்னியா பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது.

அந்த ஆய்வு 1914-ல் புத்தகமாக வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை. எழுதியவர் பெண் என்று தெரிந்தால் தொழிலதிபர்கள் வாங்க மாட்டார்கள் என்று பதிப்பாளர் பயந்தார். அதனால் அட்டையில் எல்.எம்.கில்பிரெத் என்று மட்டுமே அச்சிட்டார்கள். லில்லியன் சோர்ந்துவிடவில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் புதிதாக இன்னொரு ஆய்வு செய்து, 1915-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது வீடு நிறையக் குழந்தைகள்!

1912-ல் அந்த வீட்டில் ஒரு பெரும் துயரமும் நடந்தது. மேரி என்ற ஐந்து வயது மகள் டிப்தீரியா நோயால் இறந்து போனாள். மற்ற 11 பிள்ளைகளும் வளர்ந்து பெரியவர்களானார்கள்.

அந்த வீடே ஓர் ஆய்வுக்கூடம் போலத்தான் இருந்தது. யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதைக் குடும்பமே கூட்டம் போட்டு முடிவு செய்யும். பல் தேய்த்தது, குளித்தது எல்லாவற்றையும் பிள்ளைகள் அட்டவணையில் குறிக்க வேண்டும். குளியலறையில் இசைத்தட்டு பாடிக் கொண்டிருக்கும். பாட்டு அல்ல, வெளிநாட்டு மொழிப் பாடம்! பிராங்க் வெயிஸ்ட்கோட் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போடுவார். அதில் சில விநாடிகள் மிச்சமாம். ஒருமுறை இரண்டு கைகளிலும் இரண்டு சவரக்கத்தி வைத்துச் சவரம் செய்தார். 44 விநாடிகள் மிச்சமாயின. ஆனால், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட இரண்டு நிமிடம் செலவானது!

இந்த வேடிக்கைகளை எல்லாம் பிள்ளைகளில் இருவர் பின்னாளில் புத்தகமாக எழுதினார்கள். 1948-ல் வெளியான அந்தப் புத்தகம், 1950-ல் ஹாலிவுட் படமாகவும் வந்தது.

கதவுகள் மூடின

1924 ஜூன் 14. பிராங்க் ஐரோப்பாவில் நடக்கும் மாநாடுகளுக்குக் கிளம்பிக் கொண்டிருந்தார். ரயில் நிலையத்திலிருந்து மனைவியுடன் டெலிபோனில் பேசிக் கொண்டிருந்தவர், மாரடைப்பால் அங்கேயே விழுந்து இறந்தார். அவருக்கு வயது 55.

வீட்டில் 11 பிள்ளைகள். மூத்த மகளுக்கு 18 வயது. கடைக்குட்டிக்கு சுமார் இரண்டு வயது. இந்த நிலையில் லில்லியன் எடுத்த முடிவு எல்லோரையும் வியக்க வைத்தது. சில நாட்களிலேயே கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போனார். கணவர் பேச வேண்டிய மாநாட்டில் அவருக்குப் பதிலாகப் பேசினார். சின்னத் தம்பி தங்கைகளைப் பெரிய பிள்ளைகள் பார்த்துக் கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது வேறொரு அதிர்ச்சி. கில்பிரெத் நிறுவனத்துக்கு வேலை கொடுத்து வந்த கம்பெனிகள் பல விலகிக் கொண்டன. தொழிற்சாலைக்குள் ஒரு பெண் வந்து என்ன சொல்லிவிட முடியும் என்று நினைத்தன. இத்தனைக்கும் அவர் டாக்டர் பட்டம் பெற்றவர். 20 வருடமாக அதே வேலையைச் செய்தவர்.

லில்லியன் தன் வீட்டிலேயே பயிற்சி வகுப்பு தொடங்கினார். நியூயார்க்கின் பெரிய கடையான மேசிஸ் தன் ஊழியர்களின் வேலையை ஆராய அவரை அழைத்தது. அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. தொழிற்சாலையில் இத்தனை ஆராய்ச்சி செய்கிறோம். கோடிக்கணக்கான பெண்கள் தினமும் உழைக்கும் சமையலறையை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

சமையலறைக்குள் இன்ஜினியர்

பெண்களுக்குத் தெரிந்தது சமையல்தான் என்று சொல்லித்தானே ஒதுக்கினார்கள்? லில்லியன் அந்தச் சமையலறையையே இன்ஜினியரிங் பாடமாக்கிவிட்டார். இதில் இன்னொரு வேடிக்கை, அவருக்கு அவ்வளவாகச் சமைக்க வராது!

மேடை உயரமாக இருந்தால் தோள் வலிக்கும். தாழ்வாக இருந்தால் முதுகு வலிக்கும். சமைப்பவர் உயரத்துக்கு ஏற்றபடிதான் மேடை இருக்க வேண்டும் என்றார் லில்லியன். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க 4,000-க்கும் அதிகமான பெண்களிடம் விவரம் கேட்டார். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பிரிட்ஜ், பொருட்களை வைக்கும் மேடை எல்லாம் சில எட்டுகளில் எட்டும்படி அமைத்தார். 1929-ல் அவர் வடிவமைத்த மாதிரிச் சமையலறை காட்சிக்கு வைக்கப்பட்டது. இந்தப் புதிய அமைப்பில் ஸ்ட்ராபெரி கேக் செய்து பார்த்தார்கள். முன்பு 281 எட்டுகள் நடக்க வேண்டியிருந்த இடத்தில் 45 எட்டுகளே போதுமானதாக இருந்தன!

பிறகு, இதய நோயாளிகளும் உடல் ஊனமுற்றவர்களும் அதிகம் சிரமப்படாமல் சமைக்கும்படியான சமையலறைகளையும் அவர் உருவாக்கினார்.

தேடி வந்த மரியாதை

1935-ல் பர்டியூ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக நியமித்தது. அங்கே இன்ஜினியரிங் பிரிவில் பேராசிரியரான முதல் பெண் அவர். 1948 வரை அங்கே பாடம் நடத்தினார். தேசியப் பொறியியல் அகாடமிக்கு 1965-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. அடுத்த ஆண்டு, இன்ஜினியர்களுக்கான ஹூவர் பதக்கம் பெற்ற முதல் பெண் ஆனார். அப்போது அவருக்கு வயது 88! 1972 ஜனவரி 2-ம் தேதி, 93 வயதில் காலமானார். 1984-ல் அமெரிக்க அரசு அவர் படத்துடன் தபால் தலை வெளியிட்டது. அன்று புத்தக அட்டையில் மறைக்கப்பட்ட அதே முழுப் பெயர் தபால் தலையில் இடம்பெற்றது.

ஒருவர் வேலையில் தடுமாறினால், சோம்பேறி என்று சட்டென்று திட்டிவிடுகிறோம். அந்த வேலை அமைந்திருக்கும் விதம் சரியா என்று முதலில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் லில்லியன்.

நீங்களும் ஒரு சின்ன ஆராய்ச்சி செய்து பாருங்களேன். அம்மாவோ அப்பாவோ காலையில் டீ போடும்போது, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொண்டு ஓரமாக நில்லுங்கள். எத்தனை எட்டு நடக்கிறார்கள், எத்தனை முறை குனிகிறார்கள், எதைத் தேடுகிறார்கள் என்று எழுதுங்கள். பிறகு சர்க்கரை டப்பாவையும் டீத்தூள் டப்பாவையும் எங்கே வைத்தால் நல்லது என்று அவர்களுடன் சேர்ந்து யோசியுங்கள். பத்து எட்டு குறைந்தால்கூட, அது அவர்களுக்குத் தினமும் கிடைக்கும் பரிசுதான்!