எழுத்தறியா மன்னரின் அலுவல் ஒழுங்கு



நமது திண்டுக்கல் பேகம்பூர் பெரிய பள்ளிவாசலில் அடக்கமாகியிருக்கும் அமீருன்னிஸா பேகம் அவர்களின் பெயராலேயே அப்பகுதி வழங்கி வருகிறது என்பதை நம்மவர் யாவரும் அறிவர். அவ்வம்மையார் ஹைதர் அலீயின் சகோதரி என்பதும் தெரிந்ததே. ஆனால் 1755 ஆம் ஆண்டு மைசூர் அரசின் பவுஜ்தாராக இவ்வூருக்கு வந்த ஹைதர் அலீ, தம் அன்றாட அலுவல்களை எம்முறையில் நடத்தினார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவருடைய போர்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. நிர்வாகிகளும் வியாபாரிகளும் நிறைந்த நமது மஹல்லாவுக்குப் பயன்படக்கூடியது அவருடைய போர்முறையன்று, வேலைமுறையே என்று எனக்குத் தோன்றியதால் இதனை எழுதுகிறேன்.

கோலார் பகுதியைச் சேர்ந்த பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர், சிறு வயதிலேயே தந்தையைப் பறிகொடுத்தவர். ஓதவும் எழுதவும் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1749 இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய வீரத்தால் மைசூர் அமைச்சர் நஞ்சராஜரின் கவனத்தைப் பெற்று, ஆறாண்டுகளில் திண்டுக்கல்லுக்கு அதிகாரியாக உயர்ந்தார். அப்போதும் அவருக்கு எழுதத் தெரிந்தது தம் பெயரின் முதலெழுத்து ஒன்று மட்டுமே. அதையும் தலைகீழாகவே எழுதுவாராம். ஆனால் மனக்கணக்கில் அவருடைய கணக்கர்களே அவருக்குப் பின்தங்கினர். ஒருமுறை கேட்டதை அவர் மறப்பதில்லை.

திண்டுக்கல்லில் அவருக்குக் கணக்கெழுதியவர் காண்டே ராவ் என்ற பிராமணர். பாளையக்காரர்களை அடக்கும் போர்களில் கிடைத்த பொருள்கள் யாவற்றையும் பதிவு செய்து, பாதியைக் கைப்பற்றியவனுக்கும் பாதியை ஹைதருக்கும் பிரிக்கும் ஒரு முறையை இருவரும் வகுத்தனர். கொள்ளைப் பொருளைப் பங்கிடுவதை நான் புகழ வரவில்லை. கட்டுக்கடங்காத கூட்டத்தைக் கூட ஒரு கணக்குப் புத்தகம் கட்டிப்போட்டது என்பதையே சொல்ல வந்தேன்.

இவ்விடத்தில் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். போரில் காயம்பட்ட வீரனுக்குக் குணமாகும் வரை மாதம் 14 ரூபாய் உதவித்தொகை தருவது அரசின் வழக்கம். ஒரு போருக்குப் பின் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தணிக்கை செய்ய அதிகாரி வந்தார். உண்மையில் காயம்பட்டவர் 67 பேர். அதிகாரியின் முன் நிறுத்தப்பட்டவரோ சுமார் 700 பேர். மஞ்சள் தோய்த்த துணியால் கையையும் காலையும் கட்டிக்கொண்டு நின்றனர். அவர் அத்தனை பேரையும் எண்ணி எழுதிக்கொண்டார். உண்மையாகவே காயம்பட்டவர்களுக்குக் கிடைத்தது பாதித்தொகைதான். ஆங்கிலேயத் தளபதி வில்க்ஸ் எழுதியிருக்கும் செய்தி இது. எதிர்த்தரப்பார் எழுதியது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முறை ஒழுங்காகவே பின்பற்றப்பட்டது, பதிவேடும் நிரம்பியது, ஆனால் கட்டை அவிழ்த்துப் பார்க்க ஆளில்லை. இது நடந்தது நமது ஊரில்.

காலம் சுழன்றது. 1760 இல் அதே காண்டே ராவ் ஹைதருக்கு எதிராகத் திரும்பினார். ஹைதர் குடும்பத்தையும் விட்டுவிட்டு இரவோடிரவாகப் பெங்களூருக்குத் தப்ப வேண்டியதாயிற்று. மறு ஆண்டு ஆட்சியைக் கைப்பற்றிய ஹைதர், காண்டே ராவை இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்து வைத்திருந்தார். இக்கொடுமையை நாம் நியாயப்படுத்த இயலாது. ஆயினும் ஒரே எழுத்தரை நம்பியிருந்ததன் விலையை அவர் அப்போதுதான் உணர்ந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது. பிற்காலத்தில் அவருடைய தர்பாரில் நடந்த முறையைப் பார்த்தால் இது விளங்கும்.

1779 இல் சென்னை ஆளுநரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்ற பாதிரியார் சுவார்ட்ஸ் அம்முறையை நேரில் கண்டு எழுதியுள்ளார். ஹைதர் ஒருவரிடம் கடிதத்தின் செய்தியைச் சொல்வார். அவர் எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். பின்னர் மற்றொருவரை அழைத்து அதே கடிதத்தை மீண்டும் வாசிக்கச் செய்வார். சொன்னதற்கும் எழுதியதற்கும் இடையே வேறுபாடு இருந்தால் எழுதியவரின் தலை தப்பாது. இரண்டாம் வாசிப்பிலும் சரியாக இருந்தால்தான் கடிதம் அனுப்பப்படும். எழுத்தறியாத ஒருவரை எழுத்தால் ஏமாற்ற முடியாதபடி இரண்டு நாவுகள் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றன. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282 ஆம் வசனம், தவணைக் கடனை எழுதி வைக்கவும் அதற்கு இரு சாட்சிகளை வைக்கவும் பணிப்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். கையெழுத்துப் போடத் தெரிந்த நாம் வாசிக்காமலே எத்தனை தாள்களில் கையெழுத்திடுகிறோம்!

சுவார்ட்ஸ் மற்றொன்றையும் கண்டு வியந்தார். மழையில் பாலமோ கோட்டையோ சிறிது சேதமுற்றாலும் ஒரு கணமும் தாமதியாமல் சீர்செய்து விடுவது ஹைதரின் வழக்கம். அதனால் செலவு குறைந்தது, யாவும் நல்ல நிலையில் இருந்தன. கர்நாடகப் பகுதியில் இருந்த ஐரோப்பியரோ எல்லாவற்றையும் இடிந்துபோக விட்டுவிடுகின்றனர் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஓட்டைக்கு ஓட்டை அடைக்காமல், கூரை முழுவதும் ஒழுகிய பிறகு வசூலுக்கு இறங்கும் பழக்கமுடைய நாம் இதனைச் சற்று கவனிக்க வேண்டும்.

மனுக்கள் விஷயத்தில் அவர் கடுமையிலும் கடுமையானவர். 1767 இல் அவர் கோயம்புத்தூரில் தங்கியிருந்தபோது, ஒரு மூதாட்டி வழியில் விழுந்து நீதி கேட்டார். அவருடைய ஒரே மகளை அகா முஹம்மத் என்ற அதிகாரி தூக்கிச் சென்றுவிட்டார். அகா ஊரை விட்டுப் போய் ஒரு மாதமாகிறதே, இதுவரை ஏன் முறையிடவில்லை என்று ஹைதர் வினவ, பலமுறை மனுக்கொடுத்தும் பதிலில்லை என்றார் அம்மூதாட்டி. மனுக்களை வாங்கி முன்வைக்கும் தலைமை அதிகாரியை விசாரித்தபோது, தாயும் மகளும் நடத்தை சரியில்லாதவர்கள் என்று அவர் காரணம் சொன்னார். மனுவை முன்வைப்பதே அவர் வேலை, தீர்ப்புச் சொல்வது அவர் வேலையன்று. குடிமக்களுக்கும் ஆள்பவனுக்கும் இடையிலுள்ள வழியை அடைப்பதைவிடப் பெரிய குற்றமில்லை என்று கருதிய ஹைதர், பரிந்துரைக்கு வந்தவர்களையும் மறுத்து அவருக்கு 200 கசையடி கொடுக்கச் செய்தார். ஒரு ஹபஷி குதிரைப்படை அதிகாரியை மூதாட்டியுடன் அனுப்பி, பெண் அங்கிருந்தால் தாயிடம் ஒப்படைத்துவிட்டு அகாவின் தலையைக் கொண்டுவரப் பணித்தார். பெண் இருந்தாள், தலையும் வந்தது. ஹைதரிடம் பீரங்கிப் படையில் பணிபுரிந்த பிரெஞ்சுக்காரர் த லா தூர் இதனைப் பதிந்துள்ளார். தண்டனையின் கடுமை அக்காலத்தையும் அம்மனிதரையும் சேர்ந்தது. தாமதமான ஒரு மாதத்திற்கும் பொறுப்பாளி உண்டு என்று அவர் கண்டதுதான் என் மனத்தில் நிற்கிறது.

கசையடிக்கு அஞ்சி வேலை செய்பவன், அடிப்பவர் இல்லாதபோது வேலை செய்வானா என்று கேட்கலாம். அதற்கு விடை 1782 டிசம்பர் 7 அன்று கிடைத்தது. சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் இறந்தார். வாரிசான திப்பு மலபார்க் கரையில் போரில் இருந்தார். செய்தி வெளிப்பட்டால் படை சிதறிவிடும். கருவூலத்தைக் கவனித்த பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும் மரணத்தை மறைத்தனர். உடலைச் செல்வம் நிறைந்த பெட்டி போல அமைத்துக் கோலாருக்கு அனுப்பினர். மன்னர் நலமடைந்து வருகிறார் என்று சொல்லிக்கொண்டு, உத்தரவுகளையும் பதில்களையும் வழக்கம்போலவே வழங்கி வந்தனர். உறவினர் ஒருவர் திப்புவின் தம்பியை அரியணையேற்றச் செய்த சதி உடனே அடக்கப்பட்டது. 1783 ஜனவரித் தொடக்கத்தில் திப்பு வந்து சேரும் வரை அப்பெரும்படை கலையவில்லை. கோலாரில் வைக்கப்பட்டிருந்த உடல் பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணம் கும்பஸில் அடக்கம் செய்யப்பட்டது.