சம்பளத்தைத் துறந்த ஆசிரியர்

சென்ற தைப்பொங்கல் விடுமுறையிலே என் பழைய மாணாக்கன் ஒருவன் என்னைக் காண வந்தான். கொழும்பிலே பெரிய வர்த்தக நிலையமொன்றில் நல்ல சம்பளத்தில் இருப்பவன். அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்திலே சொந்தமாக ஓர் அச்சகமும் புத்தகசாலையும் தொடங்க எண்ணியிருப்பதாகவும், அதனை அறிந்த நாள்முதல் தாயார் கண்ணீர் விடுவதாகவும், யான் ஒரு சொல்லுச் சொன்னால் அதன்படி நடப்பதாகவும் கூறினான்.

மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கி முப்பது ஆண்டுக்கு மேல் கழித்தவன் யான். சம்பளத்தை விடு என்று பிறனுக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை. விடாதே என்று தடுக்கும் துணிவும் எனக்கில்லை. ஆதலால் நல்லூர் ஆறுமுகநாவலர் சரித்திரத்திலே ஒரு பகுதியை அவனுக்குச் சொன்னேன். நாவலரைப் பற்றி நம் பாடசாலைகளிலே ஆண்டுதோறும் பேசுகின்றோம். சைவம் காத்தார், தமிழ் வளர்த்தார், வசனநடை தந்தார் என்கின்றோம். அவர் கைவசம் இருந்த நல்ல உத்தியோகமொன்றை விட்டவர் என்பதையும், விட்டபின் ஒரு தொழிலை நிறுவி நடத்தியவர் என்பதையும் ஒரு வாக்கியத்தோடு கடந்துவிடுகின்றோம். அன்று அவனுக்குச் சொன்னதையே இங்குச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

நாவலர் நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் கடைசிப் புதல்வராக 1822 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆந் திகதி பிறந்தார். இயற்பெயர் ஆறுமுகம். தந்தையாரை இளமையிலேயே இழந்தார். தமிழை நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும், அவருக்கும் ஆசிரியராகிய இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் கற்றார். ஆங்கிலத்தை யாழ்ப்பாணத்து உவெசுலியன் மிஷன் பாடசாலையிலே கற்றார். அப்பாடசாலையே இன்று மத்திய கல்லூரி எனப்படுகின்றது. கற்ற பாடசாலையிலேயே, இருபது வயது நிரம்புமுன், ஆசிரியராகவும் அமர்ந்தார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்திலே ஆங்கிலம் அறிந்த ஓர் இளைஞனுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கச்சேரியும் நீதிமன்றமும் அவனை அழைத்துக் கொள்ளும். நிலையான சம்பளம், ஊரிலே மதிப்பு, நல்ல இடத்திலே கலியாணம் ஆகிய மூன்றும் உத்தியோகத்தின் வழியே வந்தன. சமயம் மாறியவர்கள் பலர் அவ்வழியிலே முன்னேறினர். நாவலரோ சமயம் மாறாமலே அவ்வழியிலே போகத்தக்க கல்வி உடையவராய் இருந்தார்.

அவருடைய தலைவராய் இருந்த பேதுரு பேர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்ட தமிழன்பர். விவிலிய நூலைத் தமிழிலே பெயர்க்கும் பெரும்பணியை மேற்கொண்ட அவர், தமக்குத் துணையாக நாவலரைத் தெரிந்தெடுத்தார். நாவலர் அம்மொழிபெயர்ப்பிலே பல்லாண்டு உழைத்தார். பேர்சிவலோடு சென்னபட்டணஞ் சென்று, அங்கே வித்துவான் மகாலிங்கையர் முன்னிலையிலே அதனைக் காட்டி ஒப்புக்கொள்ளச் செய்தார் என்பர். தம் சமயத்திலே உறைப்புடைய ஒருவர் பிற சமய நூலைப் பிழையற மொழிபெயர்த்துக் கொடுத்தமை வியப்பன்று. ஏற்றுக்கொண்ட வேலையைத் திருந்தச் செய்தல் அவருக்கு இயல்பு. பிற்காலத்திலே தம் சொந்தத் தொழிலுக்கு முதலாக அமைந்ததும் அந்த இயல்பே.

ஆயினும் உள்ளத்திலே ஒரு முரண் வளர்ந்து வந்தது. பகலிலே மிஷன் பாடசாலையிலே கற்பிக்கின்றார். அப்பாடசாலையிலே கற்கும் சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை அறியாமலே வளர்கின்றார்கள். அவர்களுக்குச் சைவத்தைக் கற்பிக்கப் பாடசாலை இல்லை; பாடசாலை உண்டாயினும் படிக்கப் புத்தகம் இல்லை. ஏட்டுச்சுவடிகள் சிலர் வீட்டிலே பரணில் இருந்தன. மிஷனாருக்கோ பாடசாலையும் இருந்தது, அச்சியந்திரமும் இருந்தது, 1841 முதல் உதயதாரகை என்னும் பத்திரிகையும் இருந்தது.

இந்நிலையிலே நாவலர் உத்தியோகத்தை உதறிவிட்டு ஒரே நாளிலே தெருவிலே இறங்கினாரல்லர். இவ்விடத்தை என் மாணாக்கனுக்கு இருமுறை சொன்னேன். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடைபெற்றது. நல்லூர்க் கார்த்திகேயையரும் உடன்நின்று பேசினார். அப்போதும் நாவலர் மிஷன் பாடசாலை ஆசிரியரே. வாரத்தில் ஒருநாள் மாலையிலே கோயில் மண்டபத்திலே நின்று, தம் குரலைக் கேட்க ஊர் வருகின்றதா, தாம் கருதிய பணிக்கு ஆதரவு உண்டா என்று அறிந்தார். கூட்டம் பெருகியது. அடுத்த ஆண்டிலேயே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. 1848 செப்டெம்பரிலே உத்தியோகத்தை விட்டார். முதற் பிரசங்கத்துக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதமே அவருடைய துணிவை முரட்டுத் துணிவாகாமற் காத்தது என்பது என் கருத்து.

பேர்சிவல் பாதிரியார் அவரை விட மனமில்லாது, கூடிய சம்பளம் தருவதாகச் சொல்லி வற்புறுத்தினார் எனச் சரித்திரகாரர் உரைப்பர். நாவலர் இசைந்திலர். பின்னாளிலே தாம் வெளியிட்ட விக்கியாபனம் ஒன்றிலே இதனை அவரே எடுத்துக் கூறியுள்ளார். தம்மோடு ஆங்கிலம் கற்றவர் பலர் உத்தியோகம் பெற்று வாழ்வதையும், தாமும் அவ்வாறு வாழ்ந்திருக்கக் கூடியவர் என்பதையும், சைவத்தையும் கல்வியையும் வளர்க்கும் ஆசை ஒன்றே தம்மை அவ்வழியினின்று நீக்கியது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். விட்ட பொருளின் மதிப்பை அறியாது விட்டவர் அல்லர், அறிந்தே விட்டார். திருமணமும் செய்திலர். இல்வாழ்க்கையிலே புகாமைக்கும் அவ்வாசையே காரணம் என்று அவ்விக்கியாபனத்திலே அவரே கூறியுள்ளார்.

பாடசாலை நடத்தப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்குப் பிறருடைய அச்சகத்தை நம்பியிருந்தால், பிறருடைய சம்பளத்தை நம்பியிருந்ததற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. ஆதலால் 1849 ஆம் ஆண்டிலே தம் மாணாக்கராகிய நல்லூர்ச் சதாசிவப்பிள்ளையோடு அச்சியந்திரம் வாங்குதற்பொருட்டுத் தமிழகத்துக்குக் கப்பலேறினார். திருவாவடுதுறை ஆதீனத்திலே பிரசங்கஞ் செய்து நாவலர் என்னும் பட்டம் பெற்றது அப்பயணத்திலேதான். நாம் பட்டத்தை நினைவில் வைத்து, பயணத்தின் நோக்கத்தை மறந்துவிட்டோம். அவர் போனது பட்டத்துக்கன்று, யந்திரத்துக்கு. சென்னையிலே சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிடுவித்து, யந்திரத்தோடு ஊர் திரும்பினார். வண்ணார்பண்ணையிலே அதனை நிறுவி, வித்தியாநுபாலன யந்திரசாலை எனப் பெயரிட்டார். கல்வியைக் காக்கும் யந்திரசாலை என்பது அப்பெயரின் பொருள்.

அந்நாளிலே தமிழ் நூல் அச்சிடுதல் எத்துணைக் கடினம் என்பதைச் சொல்லுதல் வேண்டும். ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ஏகார ஓகாரங்களின் நெடிலும் குறிலும் வேறுபடா. ஓரேட்டின் பாடம் மற்றோரேட்டோடு ஒவ்வாது. பல ஏடுகளை ஒப்புநோக்கி, பாடம் துணிந்து, பிரதி எழுதி, ஈயவெழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோப்பித்து, எடுத்த தாளைத் திருத்தி, திருத்தியதைப் பின்னும் திருத்தி முடித்தபின்னரே ஒரு பாரம் அச்சேறும். நாவலர் இவற்றையெல்லாம் தம் கண்ணாலே பார்த்தார். சொற்களைச் சந்தி பிரித்து, படிப்பவர்க்கு எளிதாகக் காற்புள்ளி, அரைப்புள்ளி, வினாக்குறி முதலியவற்றை இட்டு, வசனத்தைப் பதிப்பித்தார். நன்னூல் விருத்தியுரை 1851 இலும், பெரியபுராண வசனம் 1852 இலும், சைவதூஷண பரிகாரம் 1854 இலும் வெளிவந்தன. சிறுவர்க்குப் பாலபாடமும் இலக்கண வினாவிடையும் சைவ வினாவிடையும் எழுதினார். திருக்குறட் பரிமேலழகருரையை 1861 இலே பதிப்பித்தார்.

இதனுள் ஒரு தொழில் நுட்பம் உண்டு. வித்தியாசாலை புத்தகத்துக்குத் தேவையை உண்டாக்கியது. யந்திரசாலை அத்தேவையை நிறைவேற்றியது. புத்தகத்தால் வந்த பொருள் மீண்டும் கல்விக்கே போயிற்று. ஒன்று மற்றொன்றைத் தாங்கி நின்றது. நாவலர் பதிப்பு என்றால் பிழையிராது என்னும் பெயர் தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. பிற்காலத்திலே சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அவருடைய அச்சகம் நடந்தது. கையிலே பெரும் பணமில்லாதவர் நேர்மையையும் நுண்மையையுமே முதலாக இட்டார். வாங்குவோர் அவற்றுக்கே விலை கொடுத்தனர். வாணிகஞ் செய்வோர் இதைவிடப் பெரிய முதல் ஒன்றைக் கண்டதாக யான் அறியேன்.

ஆயினும் மாணாக்கனுக்கு இனிப்பான பகுதியை மாத்திரம் சொல்லி நிறுத்துவது ஆசிரியனுக்கு அழகன்று. சொந்தத் தொழில் நாவலரைச் செல்வராக்கவில்லை. பெருநூல்களை அச்சிடப் பிறர் உதவி வேண்டியிருந்தது. திருக்குறள், திருக்கோவையார் உரைப்பதிப்புக்களுக்கு இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவர் துணைநின்றார். 1864 இலே சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை ஒன்றை நிறுவினார். அதற்காகப் பொருள் தேடி அலைந்தார். 1872 இலே வண்ணார்பண்ணையிலே தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலை பொருள் முட்டினாலே சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. தருவதாகச் சொல்லித் தராதவர்களையும், தரக்கூடியவராயிருந்தும் தராதவர்களையும் பற்றி அவர் எழுதிய எழுத்துக்களிலே மனப்புண் தெரிகின்றது. மாதச் சம்பளம் வாங்குபவன் ஒரு தலைவனுக்கு அஞ்சினாற் போதும்; சொந்தமாக ஒன்றை நடத்துபவன் கடன்காரர், கொடையாளர், வாங்குவோர் எல்லாரையும் எண்ணி இரவிலே விழித்திருத்தல் வேண்டும்.

அப்படியானால் அவர் பெற்ற விடுதலை யாது? இதற்கு விடை அவருடைய கடைசி ஆண்டுகளிலே உள்ளது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிருவாகத்தின் குறைகளை, தம் சமயத்தார் கோயில் என்றும் பாராது, அச்சிட்டு வெளியிட்டார். 1876, 1877 ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் வாந்திபேதியும் வருத்தியபோது, பொருள் திரட்டிக் கஞ்சி வார்ப்பித்தார். அப்பொழுது வடமாகாண அரசாங்க ஏசண்டராய் இருந்த துவைனம் துரையின் நடவடிக்கைகளை வெளிப்படையாகக் கண்டித்தார். ஊரிலே பெரிய உத்தியோகத்தர் பலர் இருந்தனர். அவருள் எத்தனை பேர் துரையை எதிர்த்து வாய்திறக்கக் கூடியவராய் இருந்தனர்? அவர்களுடைய உலைப்பானை துரையின் கையிலே இருந்தது, நாவலருடையது இல்லை. 1879 இலே சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதனை நியமித்தல் வேண்டும் என்று கூட்டங்கூட்டி வற்புறுத்தியதும் அவ்வுரிமையாலேதான். சம்பளத்தை விட்டதனால் அவருக்கு வந்தது செல்வமன்று; தாம் மெய்யென்று கண்டதை யார் முன்னும் சொல்லும் வாய்.

அவருக்கும் எல்லை இருந்தது. தம் காலத்துச் சாதி வரம்பை அவர் கடந்தாரல்லர். அதனைக் காத்தவராகவே நின்றார். பெரியோர் சரித்திரம் எழுதும்போது இதனை மறைத்தல் அவருக்குச் செய்யும் மரியாதையன்று. பிழை திருத்துவதிலே அத்துணைக் கண்டிப்புடைய ஒருவரின் சரித்திரத்தைப் பிழையோடு அச்சிடலாமா?

1879 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆந் திகதி, ஐம்பத்தேழாம் பிராயத்திலே நாவலர் காலமானார். நின்றுபோன ஆங்கிலப் பாடசாலையின் எண்ணம் அவரோடு அழியவில்லை. 1888 இலே தோன்றிய சைவபரிபாலன சபையார் அதனை மேற்கொள்ள, 1890 இலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவாயிற்று. அவர் பதிப்பித்த நூல்களைப் பார்த்தே இன்றும் நாம் பாடம் சொல்லுகின்றோம்.

இவ்வளவும் சொன்னபின் என் மாணாக்கனிடம் மூன்று கேள்விகள் மாத்திரம் கேட்டேன். தொடங்கப்போகும் தொழிலை அவன் தன் கையாலே செய்யக் கற்றிருக்கின்றானா? உத்தியோகத்தில் இருந்துகொண்டே அதனைச் சிறிதளவிலே செய்து பார்த்திருக்கின்றானா? பணம் வராத ஆண்டிலும் அதனை விடாமற் செய்யத்தக்க காரணம் ஏதும் அவனிடத்தில் உண்டா? அவன் விடை கூறவில்லை. தலைகுனிந்து சிறிதுநேரம் இருந்து, வணங்கிப் போனான்.

சென்ற மாதம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. உத்தியோகத்தை இன்னும் விடவில்லையாம். மாலை வேளைகளிலே ஓர் அச்சகத்திற்குப் போய்ப் பிழை திருத்தப் பழகுகின்றானாம். தாயார் இப்பொழுது அழுவதில்லையாம். கடிதத்திலே இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன. சிவப்பு மையினாலே அவற்றைத் திருத்தி, இன்னும் ஒன்பது மாதம் பழகுக என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கின்றேன்.